அணிவகுப்புக்கு முதல் நாள்

காலை ஐந்து ஐம்பது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒருவன் இரத்தம் சொட்டும் கத்தியோடு என்னைக் கடந்து ஓடினான். அது கொலை வழக்காயிற்று.

அடையாள அணிவகுப்புக்கு முதல் நாள், காவல் நிலையத்தில் ஒரு கொத்தனாரைக் காட்டி, "இவன்தான், நல்லா பாத்துக்குங்க சார்" என்றார்கள். மறுநாள் வரிசையில் நின்றவர்களில் அவரையே தொட்டுக் காட்டினேன். ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

அவருக்கு வக்கீல் இல்லாமலே என்னை விசாரித்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இம்முறை அவருடைய வக்கீல் கேட்டார்: "அணிவகுப்புக்கு முன்னாடி இவரைப் பார்த்தீங்களா?"

முதல் முறை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஸ்டேஷன்ல காட்டினாங்க" என்றேன்.

விடுதலையானவர் நீதிமன்ற வாசலில் என்னை நிறுத்தினார். "நாலு வருசமா உன் மூஞ்சியத்தான் நென்ச்சிகினு கெடந்தேன் சார். ஓடுனது நான் இல்லன்னு இப்பனாச்சும் நம்புறியா?"

ஆமென்று தலையசைத்தேன்.

கண்ணை மூடினால் இன்றும் அவர்தான் கத்தியோடு ஓடுகிறார்.