யார் என்று கேட்காத கூட்டம்

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு பழைய தோட்டத் துரை பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே சேவையின் தரத்தை உயர்த்துவது என் வேலை. எங்கள் வீட்டில் படித்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். அது போய்விடுமோ என்ற பயத்தோடுதான் தினமும் படியேறுவேன்.

பயிற்சியில் சொன்ன முறை எளிமையானது. காலையில் எல்லோரும் கூடி, நேற்று எது பிழையாய்ப் போனது என்று பேச வேண்டும். கூப்பிட்டேன். வந்தவர்கள் கைகட்டி ஒரே வரிசையில் நின்றார்கள், தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல. பெரட்டில் தப்பு என்ற பேச்சு வந்தால் யாராவது ஒருவர் வேலையில்லாமல் வீடு திரும்புவார். அப்பா அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"நேத்து என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லங்க."

தினமும் இதே பதில். விருந்தினர்களோ தேநீர் ஆறிப்போய் வருகிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தைத் தானே பார்க்க வருவதாகவும், அன்றும் யாரும் பேசாவிட்டால் நான் தேவையில்லை என்றும் முகாமையாளர் சொல்லிவிட்டார்.

அறை கூட்டும் அக்காவிடம் கெஞ்சினேன்.

"தப்பு செஞ்சவங்க பேரு கேப்பீங்களா தம்பி?"

"கேக்க மாட்டேன்க்கா."

"நீங்க சரி. ஒங்க தொர?"

"அவரும்தான்." எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

முகாமையாளர் வந்தார். அக்கா தரையைப் பார்த்தபடி, "மேல் ரூமுக்குப் போறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிடுதுங்க" என்றார்.

யார் கொண்டுபோவது என்று சிங்களத்தில் கேட்டார் முகாமையாளர்.

கொண்டுபோகிறவர், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்திலேயே இருக்கும் அண்ணன். வரிசையின் கடைசியில் நின்றவர், வேலை போய்விட்டது என்பதுபோல, யாரும் சொல்லாமலே விடுதிக் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

"யார் கொண்டுபோனாலும் ஆறும் சேர். தேநீர் போடும் குசினி ரொம்பக் கீழே இருக்கிறது" என்றேன் சிங்களத்தில்.

"அப்படியானால் நாளைக்கு நீ கொண்டு வா. சூடாக வந்தால் வேலையை விட்டு நீயும் போகலாம், அந்த ஆளும் போகலாம்."

மறுநாள் தட்டோடு மேட்டில் ஏறினேன். முகத்தில் பனி அடித்தது. தரத்தை உயர்த்த வந்தவன், கோப்பையில் ஆவி அடங்கவேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடக்கவும் பயம். முகாமையாளர் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்து, ஆறிப்போன கோப்பையை வைத்தார். "மேலேயே ஓர் அடுப்பு போடச் சொல்" என்றார்.

தட்டோடு கீழே வந்தேன். அண்ணன் குல்லாவைப் போட்டிருந்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கிப் பெரட்டுல ஒங்களுக்கு வேல குடுத்துட்டாங்களா?" என்றார் அக்கா.