தேளிப் பானை

அம்மா காய்ச்சலில் கிடந்து தேறிவந்த வருஷம், ரத்தம் ஊறட்டும் என்று அப்பா குளத்துச் சேற்றிலிருந்து தேளி மீன்களைப் பிடித்துவந்து, அவள் படுத்திருந்த அறையிலேயே அரைப்பானைத் தண்ணீரில் விட்டிருந்தார். அடிக்கடி மேலே வந்து 'களக்'கென்று காற்றை விழுங்கினால்தான் தேளிக்கு உயிர்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய அன்று சித்தி வந்தாள். அவளுக்கு எதையும் மூடினால்தான் நிம்மதி. "பாவம், தண்ணியில்லாம தவிக்குதே" என்று பானையை விளிம்புவரை நிரப்பி, மீன் துள்ளி விழாதபடி தட்டால் மூடி, மேலே குழவிக்கல்லை வைத்தாள். ஈரக்காற்று ஆகாதென்று சன்னலையும் அடைத்தாள்.

மத்தியானம் அம்மா, "சத்தத்தையே காணுமே" என்றாள். தட்டைத் தூக்கினோம். தேளிகள் வயிறு காட்டி மிதந்தன.

"தண்ணிக்குள்ள மீனு மூச்சுமுட்டிச் சாவுமா?" என்று சித்தி திகைத்தாள்.

அம்மா பானையைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அந்தச் சன்னலத் தொற" என்றாள்.