அண்ணி நிறுத்திய டிராக்டர்

டிராக்டரின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தபடி அண்ணி வாசலில் நின்றார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர். பால் பொங்கித் தீய்கிற வாடை வாசல்வரை வந்தும் திரும்பவில்லை. "தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. ஆயில்ல டீசல் வாடை அடிக்குதா பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் மோந்து பார்த்தேன். அப்போது நான் திருவாரூரில் ஓர் ஆயில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடக்கிறவன் மூக்குக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்தேவிட்டார். "டீசல் வண்டியில டீசல் வாடை அடிக்காம மல்லியப்பூ வாடையாக்கா அடிக்கும்?" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. கம்பியைத் துணியில் துடைத்து மறுபடி விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார்.

இப்போது அதே திருவாரூரில் எனக்கென்று ஓர் ஆயில் கடை இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஆயிலை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "என்னங்க, தண்ணியா இருக்கு, கெட்டியா இல்லியா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயில் என்ன பாயசமா, கெட்டியாக இருந்தால் ஒசத்தி என்று சொல்ல? தேய்ந்துபோன பழைய வண்டியில் கெட்டி ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாளைக்குப் புகையைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். புது வண்டிக்கு அதையே ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறிச் சேர்வதற்குள் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கும். வண்டியோடு வருகிற புத்தகத்தில் எந்த ஆயில் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது. சொல்லும்போதெல்லாம் அண்ணி ஞாபகம் வந்துவிடும். அப்புறம் என்னால் உட்கார முடியாது. கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன்.

அண்ணன் குவைத்தில் இருந்தார். கல்யாணமான வருஷமே போனவர். லீவில் வருவார், ஊறுகாய் பாட்டிலும் பொடி டப்பாவும் கட்டிக்கொண்டு திரும்பிப் போவார். அந்த டிராக்டரை வாங்கிக் கொடுத்தபோது அண்ணியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வண்டி வாடகைக்கு ஓடி நிலைத்துவிட்டால், இந்த அக்ரிமெண்ட் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவேன் என்று. அண்ணி அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டார். மற்ற வீடுகளில் டிராக்டர் என்றால் டிரைவர் பாடு, முதலாளி பாடு. எங்கள் வீட்டில் அண்ணிதான் ஏர் ஃபில்டரைத் தட்டினார், கிரீஸ் வைத்தார், எவர் வயலுக்கு எப்போது உழவு என்று முடிவு செய்தார். வண்டி உழவுக்குப் போன பிறகும் காதை வயல்பக்கமே வைத்திருப்பார். தூரத்தில் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடுவார். அவரைப் பார்த்தாலே நமக்கும் படபடப்பாக இருக்கும்.

ஆயில் விஷயத்தில் அண்ணனுக்கும் அவருக்கும் முதலிலிருந்தே போனில் ஓயாத வழக்கு. அப்பா காலத்து டிராக்டருக்குக் கெட்டியான நாற்பது நம்பர் ஆயில்தான் ஊற்றுவோம். அதனால் அண்ணனுக்கு வேறெந்த ஆயிலும் ஆயிலே இல்லை. "அப்பா என்ன முட்டாளா? கெட்டியா ஊத்து" என்பார். அண்ணி புத்தகத்தைப் பார்த்து, அதில் போட்டிருந்த பதினைந்து-நாற்பது என்கிற இளக்கமான ஆயிலைத்தான் என்னிடம் வாங்கிவரச் சொல்வார். டிரைவர் வேறொரு கம்பெனியின் புகழ் பாடுவார். இப்படி ஆளாளுக்கு எந்த ஆயில் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. வண்டியில் ஆயில் குறையவே இல்லை. கம்பியில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. "பாத்தீங்களா, நம்ம வண்டி சொட்டு ஆயில் குடிக்கல!" என்று டிரைவர் டீக்கடையில் பெருமையடித்தார். அண்ணனும் குவைத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். அண்ணி மட்டும் அதை ஒப்பவில்லை. "குறையாம இருந்தா சரி தம்பி. ஊத்தாம எப்படிக் கூடும்?" என்றார்.

அது ஆற்றில் தண்ணீர் வந்த சமயம். எங்கள் ஊர் கடைமடை. தண்ணீர் கடைசியில்தான் வரும், வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேற்று உழவு வேண்டும். டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கினால் கரையேற விட மாட்டார்கள். அந்த நெருக்கடியில்தான், அப்படிக் கம்பியை மோந்து பார்த்த அன்று காலை, வண்டி கிளம்பும்போது, அண்ணி குறுக்கே போய் நின்று நிறுத்தச் சொன்னார். இறங்க மனமில்லாமல் இறங்கினார் டிரைவர். செய்தி ஊரெல்லாம் பரவ எவ்வளவு நேரமாகும்? முதலில் ஓடிவந்தவர் எங்கள் சித்தப்பாதான், அப்பாவின் பங்காளி. குத்தகை நிலத்துக்கு நாற்று விட்டுவிட்டு எங்கள் உழவுக்காகக் காத்திருந்தவர்.

"என்னம்மா வெளையாடுறியா? என் நாத்து முத்திக்கிட்டு இருக்கு. ஓடுற வண்டிய யாராச்சும் நிறுத்துவாங்களா?"

"வேற வண்டி சொல்லிக்குங்க மாமா. ஒங்க நாத்து வீணாகக்கூடாது. ஆனா இது இன்னைக்கு எறங்காது."

"மோந்து பாத்து வைத்தியம் பாக்குற மகராசிய இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போனார். அவருக்குப் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். எல்லா வயலுக்கும் வேறு வண்டிகள் இறங்கின. அண்ணனுக்கு யாரோ போன் போட்டுச் சொல்லிவிட, அவர் அங்கிருந்து கத்தியது தெருவுக்கே கேட்டது. "சீசன்ல வண்டிய நிறுத்திட்டு நிக்கிறியே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஆயில் தண்ணியா இருந்தா கெட்டியா ஊத்திட்டு ஓட்டச் சொல்லு!" அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு என்ஜின் போயிடுமேன்னுகூட இல்ல தம்பி. என்ஜின் போச்சுன்னா அத சாக்கா வச்சு இவரு இன்னொரு அக்ரிமெண்ட்டு போட்டுடுவாரு. அதான் என்னால தாங்க முடியாது" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கும்பகோணத்திலிருந்து மெக்கானிக்கை நான்தான் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர் அடியில் இருந்த மூடியைத் திறந்ததும் ஆயில் ஆயிலாக வரவில்லை, கறுப்புத் தண்ணீராகக் கொட்டியது. டீசல் பம்பில் கசிவை அடைக்கிற ஒரு சீல் தேய்ந்து, டீசல் உள்ளுக்குள்ளேயே ஒழுகி ஆயிலோடு கலந்துகொண்டிருந்தது. அதனால்தான் அளவு கூடிக்கொண்டே போயிருக்கிறது. "இது மேல கெட்டி ஆயில ஊத்துனாலும் கம்பெனி ஆயில ஊத்துனாலும் ஒண்ணுதாங்க. சேத்துல எறக்கியிருந்தீங்கன்னா என்ஜின் இறுகிப் போயிருக்கும்" என்றார் மெக்கானிக். சில நாள் கழித்துப் புது சீல் வந்து, அதை மாட்டி, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது சத்தம் சுத்தமாக இருந்தது. அதற்குள் எங்கள் பக்கத்து உழவெல்லாம் முடிந்திருந்தது. ஆனாலும் அண்ணி முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இனி அண்ணன் வந்துவிடுவார் என்று அவருக்குக் கணக்கு. எனக்கும் அதே கணக்குதான்.

அன்று சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டார். மெக்கானிக் சொன்னதெல்லாம் அவருக்குப் போயிருந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார், நாங்களெல்லாம் சுற்றி நின்றோம். "நான் கத்துனத மனசுல வச்சுக்காத. ஊரே திட்டியும் அசரல பாரு, நீதான் ஆளு! ஒன்னால வண்டியக் கட்டி மேய்க்க முடியுமான்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. இப்ப போயிடுச்சு. நீ இருக்கியே, எனக்கு என்ன கவலை? அக்ரிமெண்ட்டுல இன்னொரு தடவ கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அம்மா பூரித்துப்போய் அண்ணியின் தோளைத் தடவினார். அண்ணி, "சரிங்க" என்றார். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. பிறகு, கொல்லையில் கை கழுவப் போனபோது அண்ணி, "பேசாம ஓட விட்டிருக்கணுமோ தம்பி?" என்று கேட்டார். ஓட விட்டிருந்தாலும் அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை நான் எந்த வாயால் சொல்ல?

அந்த ஒரு தடவை பல தடவையாகிவிட்டது. அண்ணன் இன்னும் அங்கேதான். வண்டி மாறி வேறு வண்டி வந்துவிட்டது, வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். "ஒங்க அண்ணி ஊத்துற ஆயிலையே குடுங்க" என்று கேட்டு வாங்குகிற ஆட்களும் என் கடைக்கு வருகிறார்கள். இந்த வருஷம் தண்ணீர் வந்ததும் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று அண்ணி என்னிடம், "இந்தத் தடவ கேட்டார்னா, எனக்கு ஒண்ணும் புரியல, வண்டி என்னமோ மாதிரி இருக்கு, நீங்களே வந்து பாருங்கன்னு சொல்லிடப்போறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டு எடுத்த எடுப்பிலேயே, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா இருக்குங்க. நேத்துதான் ஆயில் மாத்துனேன்" என்றார்.