டிரங்குப் பெட்டிக்கு அடியில் அத்தையின் கதை

இப்போது ஒரு கதையை எழுதி முடித்த கையோடு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்படி இல்லை. கதையோடு இன்னொரு கவரும் வைக்க வேண்டும். அதில் நம் விலாசத்தை நாமே எழுதி, தபால்தலையும் ஒட்ட வேண்டும். கதை பிடிக்கவில்லையென்றால் அந்தக் கவரில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். போகிற கதையின் கையில், திரும்பி வர வண்டிச்சத்தமும் கொடுத்து விடுகிற மாதிரி.

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு ராஜபாளையத்தில். அத்தை சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்துக்குப் போவாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் புரூப் பார்ப்பாள். அச்சில் ஏறுமுன் பிழை திருத்துகிற வேலை. வரும்போது எனக்குப் பால்கோவா வரும். மற்ற நாளெல்லாம் கதை எழுதுவாள். யார் யார் பெயரெல்லாமோ அவள் கைபட்டு அச்சில் வந்தது. அவள் பெயர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் கையெழுத்திலேயே தடித்த கவர் வந்துவிட்டால் போச்சு. அப்பா, “என்ன தாயி, ஒன் கதை மெட்ராஸச் சுத்திப் பாத்துட்டு வந்துருச்சா?” என்பார். அத்தை சிரிப்பாள். அன்றைக்குச் சோறு மட்டும் இறங்காது.

ஒரு நாள் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர், “ஏலே, அத்தைட்ட குடு” என்று அந்தக் கவரை நீட்டினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்பி வந்தால்தானே அத்தை சாப்பிடமாட்டாள்? வராமலே போனால்? கவரை அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, பெரிய உபகாரம் செய்த நிம்மதியில் மறுபடி பம்பரத்தை எடுத்தேன்.

கவர் வரவில்லை என்றதும் அத்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டது. “இந்தத் தடவை வச்சுக்கிட்டாக போல” என்று அம்மாவிடம் சொன்னாள். பத்திரிகை வருகிற வியாழக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்குப் போனாள். ஐந்தாவது வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர், “இன்னைக்கும் பொரட்டிப் பாத்துட்டு வச்சுட்டுத்தான் போகப் போறியளா?” என்றார். அத்தை கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். பிறகு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து. அந்த இரண்டாவது தடவையை என்னால் பார்க்க முடியவில்லை. அங்கேயே அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கவரைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கதையோடு ஒரு சின்னக் கடிதமும் இருந்தது. அத்தை அதை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். கடிதத்தை மடித்துக் கதைக்குள் வைத்தாள். அடி விழும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவளோ என்னைத் திருப்பி, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, “அழாதலே” என்றாள்.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த அப்பா, “கதை என்ன ஆச்சு தாயி?” என்றார்.

“திரும்பிருச்சுண்ணே.”

“எம்புட்டு நாள் கழிச்சு! நடந்தே வந்துச்சோ?”

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமையும் பால்கோவா வந்தது.

பல வருஷம் கழித்து, அத்தையின் முதல் புத்தகம் அதே அச்சகத்தில் அச்சானது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த நான் அவள் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, அவள் அச்சுத்தாளில் பிழை பார்த்தாள். அந்தக் கதை வந்தது. அதில் குண்டூசியால் குத்தியிருந்த கடிதமும் தட்டுப்பட்டது.

‘கதை அருமை. நடுவில் இரண்டு பக்கம் குறைத்து, பத்து நாளுக்குள் அனுப்புங்கள். பொங்கல் மலரில் போடுகிறோம்.’

அன்றைக்கு அவள் காலண்டரைப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. வாசிப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

அத்தை தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“என்னலே நிறுத்திட்டே? வரி விட்டுப் போயிரும். மேல வாசி” என்றாள்.