விளக்குக் கடைக்காரரின் அப்பா

துபாயில் சீன மொத்த வியாபாரிகளின் சந்தைக்கு வாரம் ஒருமுறை போவது என் வேலை. பத்திரிகையை விட்டுவிட்டு இங்கே வந்த பிறகு, காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் மின்விளக்குக் கடைக்குக் கொள்முதல் பார்க்கிறேன். முதலாளிதான் என்றாலும், அவர் ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றே அழைப்போம்.

நாங்கள் சரக்கெடுக்கும் கடையை நடத்துபவர் நடுத்தர வயதுச் சீனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அப்பாவை வரவழைத்திருந்தார். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அப்பாவைக் கடைக்கு அழைத்து வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் பெட்டி தூக்கினார். இடம் மாற்றி வைத்துவிட்டால் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மகன் கத்துவார். ஒருநாள் தோளைப் பிடித்துத் தள்ளியதைப் பார்த்தேன். மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின், மீந்ததைப் பெரியவர் நின்றபடியே சாப்பிடுவார்.

மகன் வெளியே போயிருந்த நேரத்தில், போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு கேட்டேன்: “உங்களை அடிக்கிறாரா?” பெரியவர் திரையையே பார்த்திருந்துவிட்டுப் பேசினார். தமிழில் வந்தது: “என் மகன் நல்லவன். கடையில் வேலை அதிகம்.”

அரசு மருத்துவமனைக்குச் செய்தி சேகரிக்கப் போன காலத்தில், கன்னம் வீங்கிய தாய்மார்களும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கிவிட்டதாம்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று மாற்றிக் கேட்டேன். இதற்கு அவர் யோசிக்கவில்லை. “ஊருக்குப் போக வேண்டும். அங்கே மகள் இருக்கிறாள். பாஸ்போர்ட் மகனிடம் இருக்கிறது.”

காக்காவிடம் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. நேரே கடைக்குள் போய், நாலு பேர் பார்க்க, “பெத்த வாப்பாவ இப்படியாடா வெச்சிருப்பே? ஷரம் நஹி? வெக்கமில்லே?” என்று தமிழும் இந்தியுமாகச் சத்தம் போட்டார். கடைக்காரரின் முகம் சிவந்தது.

அடுத்த வாரம் காக்காவோடு போனபோது பெரியவர் கடையில் இல்லை. “கோடவுன்” என்று கிடங்கு இருக்கும் பக்கம் கைகாட்டினார் ஊழியர்.

எதிரே தேநீர்ப் பாத்திரக் கடை வைத்திருக்கும் சீனப் பெண்மணி எங்களைக் கைகாட்டி அழைத்தார். கடைக்காரரின் ஊர்தான் அவருக்கும். சந்தையில் எல்லோரும் பேசும் கலவை மொழியில் காக்காவைத் திட்டித் தீர்த்தார்.

“பாய், யூ பிக் மிஸ்டேக். எவ்ரிபடி லுக், ஹிஸ் ஃபேஸ் கலாஸ். நவ் ஓல்ட் மேன் கோடவுன்.”

கலாஸ் என்றால் தீர்ந்தது என்று பொருள். நாலு பேர் முன்னால் மகனுக்குப் போன மானத்தின் விலையை அப்பா கட்டிக்கொண்டிருந்தார். போலீசில் சொன்னால் என்ன என்று கேட்டேன். போலீஸ் வந்து கேட்டாலும் ‘என் மகன் நல்லவன்’ என்றுதான் பெரியவர் சொல்வார், அப்புறம் என்ன செய்வாய் என்று அந்தப் பெண்மணி திருப்பிக் கேட்டார்.

சீனப் புத்தாண்டு நெருங்கியது. அந்த வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து மதிய விருந்து வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். விருந்துக்காகப் பெரியவரையும் அழைத்து வந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்மணி ஆரஞ்சுக் கூடையோடு எழுந்து சீனத்தில் உரக்கப் பேசினார். எல்லோரும் விளக்குக் கடைக்காரரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்.

பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கினார். இந்த வரிசையிலேயே இவரைப் போல் பிள்ளை கிடையாது. அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்து வந்து காட்டினார், இப்போது கை நிறையப் பரிசுகளோடு மகளிடம் அனுப்பி வைக்கிறார் என்று பாராட்டினாராம்.

காக்கா அதைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரைக் கட்டியணைத்து, “மாஷா அல்லாஹ்! வெரி குட் சன்! டிக்கெட் எப்போ, பாய்?”

கடைக்காரர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லா முகங்களும் சிரித்தபடி காத்திருந்தன. அப்பாவின் தலை நிமிர்ந்திருந்தது.

“நெக்ஸ்ட் வீக்” என்றார்.

வெளியே வந்ததும், அவ்வளவும் பொய்தானே என்று காக்கா அந்தப் பெண்மணியிடம் இந்தியில் கேட்டார்: “ஏம்மா, யே ஜூட் ஹை, நா?”

“டுடே ஜூட், பாய். நெக்ஸ்ட் வீக் நோ ஜூட்.”

அதோடு அந்தப் பெண்மணி விடவில்லை. தினமும் கடை திறக்கும்போது எதிர்க்கடையைப் பார்த்து டிக்கெட் ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். மற்ற கடைக்காரர்களும் கேட்டார்கள். காக்கா, எடுக்க வேண்டிய சரக்கு இல்லாமலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒரு வாரம் என்றது இரண்டு வாரமாயிற்று. ஆனால் பெரியவர் போய்விட்டார்.

மகன் திருந்தினாரா, தெரியாது. ஊழியர்களிடம் இன்னும் கத்துகிறார்.

போன மாதம் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்மணி பெரியவரை வீடியோவில் அழைத்துக் கொடுத்தார். மரத்தடியில் நாலு கிழவர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் சற்றே சதை பிடித்திருந்தது. எங்களைப் பார்த்துக் கையசைத்தார், சீட்டைப் பார்த்தார், ஏதோ சொன்னார், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

“என்ன சொன்னாரு?” என்று பதறினார் காக்கா.

“ஹி சே, நவ் பிஸி. டுமாரோ கால்.”

“பார்த்தீங்களாய்யா! இந்த மனுசனுக்காக நான் தொண்டை வத்தக் கத்துனேன்” என்று காக்கா சிரித்தார். மறுநாள் அவரே நினைவுபடுத்தி அழைக்கச் சொன்னார். அன்றும் பெரியவர் பிஸி.