வலது கண் துடித்த வியாழக்கிழமை

சிலமலை வேலுத்தாய் சகுனம் பார்க்காமல் வாசல்படி தாண்டியவள் அல்ல. பூனை குறுக்கே போனால் போதும், போடிமெட்டு ஏறுகிற ஜீப்பையே காக்க வைத்துவிடுவாள். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் ஒரு நாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை.

அந்த வியாழக்கிழமை அவள் புருஷன் சோணை ஏலச்செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். மருந்து வரும் ஓஸ் ஒழுகி, காலையிலிருந்தே முதுகுச்சட்டை நனைந்திருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, "வலது கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்கு வேலு," என்றார்.

ஆணுக்கு வலது கண் துடித்தால் நல்லது. மகள் அமுதவள்ளியைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் பதில் சொல்வதாக இருந்தது. வேலுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. காய் எடுக்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் சோணையின் கெண்டைக்காலிலும் சதை தானாகத் துள்ளியது. அதையும் நல்லதில்தான் சேர்த்தாள்.

மலை இறங்கும்போது ஜீப்பிலேயே சோணைக்கு எச்சில் வழிந்தது, வாந்தி வந்தது, மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரியில் அந்த ஈரச்சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசிமேல் ஊசி போட்டார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தார். அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது.

"பாத்தீகளா, கண்ணு பொய் சொல்லல," என்றாள் வேலுத்தாய்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் புறப்படப் பையைக் கட்டிவிட்டாள். நர்சு தமிழ்செல்வி வந்து, "அண்ணே, தலைய மட்டும் தூக்குங்க," என்றாள். சோணை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, தலை தலையணையை விட்டு எழவில்லை. நர்சின் முகம் மாறிவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மத்தியானம் மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். வராந்தாவில் தமிழ்செல்விதான் வேலுத்தாய்க்குச் சொன்னாள்.

"சுருங்குன்னு சொல்ல, நரம்பு ஒரு சொட்டு ரசாயனத்த சதை மேல விடும்க்கா. அத ஒடனே அழிச்சாத்தான் சதை தளரும். அழிக்கிறதுக்கு ஒடம்புலயே ஒண்ணு இருக்கு. பூச்சிமருந்து அதக் கட்டிப்போட்ருச்சு. சொட்டு சேந்துக்கிட்டே போச்சு. மொதல்ல சதை துடிச்சுருக்கும். இப்ப நரம்பு என்ன சொன்னாலும் சதைக்கு ஏறல. சில பேருக்குத் தேறுன மாதிரி இருந்து ரெண்டாம் மூணாம் நாள் இப்புடி ஆகும், கழுத்துலதான் மொதல்ல தெரியும். மூச்சு விடுறதும் சதைதானக்கா."

"துடிச்சுச்சுன்னா... கண்ணா?"

"கண்ணு, காலு, எல்லாந்தான்."

வேலுத்தாய் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மதியமே அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்ட பாவி தான்தான் என்று நெஞ்சு வெந்தது.

பதினாறு நாள் சோணையால் இமையைக் கூடத் திறக்க முடியவில்லை. காது மட்டும் கேட்கும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் அவர் காதருகே குனிந்து, "தலையத் தூக்குங்க," என்பாள். பத்தாம் நாள்தான், "துடிச்சப்ப நான் சிரிச்சேன், என்னய மன்னிச்சுருங்க," என்றாள். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் கசிந்தது.

பதினேழாம் நாள் மிஷினை எடுத்தார்கள். மூச்சு தானாக, நிதானமாக வந்தது. கழுத்துதான் கடைசியில் தேறியது.

தை மாதம் அமுதவள்ளிக்குப் போடியில் கல்யாணம். தாலி கட்டும் நேரம் வேலுத்தாய்க்கு இடது கண் துடித்தது. பக்கத்தில் நின்ற, கூடக் காய் எடுக்கும் மொக்கம்மாள், "பொம்பளைக்கு எடது கண்ணு நல்லதுடி," என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். முந்தின நாள் வரை வேலுத்தாய் மருந்தடித்த தோட்டத்தில் காய் எடுத்தவள். மண்டபத்தின் பின்பக்கக் குழாயடிக்குப் போய், முகம், கழுத்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கெட்டிமேளம் கேட்டது. கழுவுவதை நிறுத்த அவளால் முடியவில்லை.

பட்டுச்சேலை நனைய அவள் திரும்பி வந்தபோது தாலி ஏறியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் இருந்த சோணை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.