மீன்கண் லென்ஸ் வாங்கப் போனது

சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். குமராட்சிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில், மேடை முழுவதும் படத்தில் வர வேண்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து சமையல்கட்டுக்குள்ளேயே போய்விட்டேன். சாம்பார் வாளியோடு வந்தவர், "இங்க இல்லைங்க, அங்க இலை போட்டாச்சு" என்று வழிகாட்டினார். அன்றைக்குத்தான் கேமரா முகப்பில் திருகி மாட்டுகிற கன்வெர்ட்டர் லென்ஸ் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். அதை மாட்டினால் நின்ற இடத்திலிருந்தே அகலமாக எடுக்கலாம்.

கடலூர் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரண வைட். இன்னொன்று மீன்கண், அதன் கண்ணாடி முன்னால் புடைத்துக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு வைடே போதும் சார். இது பைக்ல வித்தை காட்டுறவங்க வாங்குவாங்க. கிட்ட வச்சு எடுத்தா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்."

பஸ்ஸில் வரும்போது செல்போனில் இதைப் பற்றி மூன்று வீடியோ பார்த்திருந்தேன். அவருக்கு நானே பாடம் எடுக்கலாம் என்கிற நினைப்பில் இருந்தேன்.

"ரெண்டுல எது ஜாஸ்தி அகலம்?"

"இதுதான். ஆனா..."

"அப்ப இதையே குடுங்க."

கடை வாசலில் மாட்டிப் பார்த்தேன். தெருவின் இரண்டு முனையும் ஒரே படத்தில் தெரிந்தன. எதிர்க்கடை போர்டு வில்லாக வளைந்திருந்தது. அதைக் கலை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மனித முகத்தைப் பார்க்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

முதன்முதலாக அதை மாட்டியது சேத்தியாத்தோப்பில், என் மனைவியின் தம்பி கல்யாணத்தில். தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பதறவில்லை. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தேன். இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சான் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, தெரியுதா?" என்றான்.

"எல்லாம் தெரியுது, கட்டு" என்றேன், எதையும் பார்க்காமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். மாமியாரின் மூக்கு முதலில் வந்தது. மீதி முகம் பின்னால் வந்தது. அவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாலி கட்டும் காட்சி. திரையின் கீழ்ப்பாதி முழுக்க, ஓரத்தில் கொஞ்சம் சட்டையோடு ஒரு தலை. அதன் உச்சியில் முடியில்லாத வட்டம் ஒன்று தோசைக்கல் அகலத்துக்குப் பளபளத்தது. அதற்கு அப்பால், நகத்தளவில் மாப்பிள்ளையும் பெண்ணும்.

"யாரு மாப்ள இது, குறுக்க?" என்றார் மாமனார்.

"பொண்ணு வீட்டு ஆளா இருக்கும் மாமா. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்க."

மனைவி டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "நல்லா பாருங்க. நான் அயன் பண்ணிக் குடுத்த சட்டை இது."

என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துச் சீவிக்கொண்டிருந்தவன் நான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா தெரியும்."

புதுப்பெண் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "எங்க வீட்டு ஆளுன்னு சொன்னீங்களேண்ணா" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலி கட்டிய அந்த நேரம் திரும்பி வராது. ஊராருக்கெல்லாம் ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டில் கோட்டைவிட்டிருந்தேன்.

"மன்னிச்சிடும்மா. அந்த எடத்துல போட்டோக்காரர் எடுத்த போட்டோவ வச்சு ஒட்டிக் குடுத்துடுறேன்."

"வேணாண்ணா, அத வெட்டிடாதீங்க. போட்டோ எல்லார் கல்யாணத்துலயும் இருக்கும்."

வைட் லென்ஸைப் பிறகு வாங்கிவிட்டேன். மச்சானுக்கு இரண்டு பிரதி கொடுத்தேன்: போட்டோ ஒட்டியது ஒன்று, எடுத்தபடியே ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர்கள் போட்டுக் காட்டுவது இரண்டாவதைத்தான். முதலாவதை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை என்று மனைவி சொல்கிறாள்.